காப்பர் பைப்புக்குள்ள காந்தம் மெதுவா இறங்குது, அப்ப தராசுல எவ்வளவு காட்டும்?

தாம்பரம்_பாபு:
வணக்கம் மக்களே, வீட்ல ஒரு சண்டை, தீர்த்து வைங்க. கடையில பெரிய ஏசி மாத்தினப்ப ஒரு மீட்டர் நீளத்துக்கு நேரான காப்பர் பைப் துண்டு கெடச்சுது (காப்பர் விக்கிற வெலைக்கு மெக்கானிக் அத விட்டுட்டுப் போனதே அதிசயம்). பையன் பிளஸ் டூ. அவன் ஒரு நியோடிமியம் காந்தம் வாங்கினான், வட்ட வில்லை, 15 மில்லிமீட்டர் அகலம் 10 மில்லிமீட்டர் உயரம், அத பைப்புக்குள்ள மேலேருந்து விட்டா ஆறேழு செகண்ட் எடுத்துகிட்டு மெதுவா கீழ வருது. அதே சைஸ்ல சாதா இரும்புத் துண்டு போட்டா டக்குனு விழுந்துடுது. இதுவரைக்கும் யூட்யூப்ல எல்லாரும் பார்த்ததுதான்.

சண்டை என்னன்னா, பைப்ப கிச்சன் தராசு மேல நிமிர்த்தி வெச்சுட்டு காந்தத்த உள்ள விட்டா, அது இறங்கிட்டு இருக்கிற அந்த ஆறேழு செகண்ட்ல தராசு பைப் எடைய மட்டும் காட்டுமா இல்ல பைப் + காந்தம் ரெண்டையும் காட்டுமா? காந்தம் எதையும் தொடல, அந்தரத்துல இருக்கு, அதனால பைப் மட்டும்தான்னு வீட்டம்மா. இல்ல ரெண்டும் சேர்ந்துதான்னு பையன். நான் நடுவுல மாட்டிகிட்டேன்.

சந்தேகப்பேர்வழி:
உங்க வீட்டம்மா சொல்றதுதான் சரி பாபு சார். தராசுல ஒரு பொருள் உக்காந்தாதான் எடை. விழுந்துட்டு இருக்கிற பொருளுக்கு எடை ஏது?

கூலிங்_சிவா:
நான் ஏசி வேலை பாக்கறவன், பிசிக்ஸ் தெரியாது, பைப் பத்தி மட்டும் சொல்றேன். உங்களுக்கு கெடச்சது செவன் எய்ட் (7/8 இன்ச்) பைப்பா இருக்கும், வெளி விட்டம் 22 மில்லிமீட்டர், சுவர் ஒரு மில்லிமீட்டர் போட்டா உள்ள 20. ஒரு மீட்டருக்கு 590 கிராம் பக்கம் வரும். வீட்டு ஸ்ப்ளிட் ஏசிக்கு போடற பைப்பு இதுக்கு ஆகாது, அது சாஃப்ட் காப்பர், சுருளா வரும், என்னதான் நிமிர்த்தினாலும் நெளிவு இருக்கும், காந்தம் நடுவுல தட்டும். நேர் துண்டா வர்ற ஹார்டு பைப்புதான் பெஸ்ட். ஆனா ஒரு டவுட்டு, காப்பர்ல காந்தம் ஒட்டவே ஒட்டாதே, அப்புறம் எப்படி புடிக்குது?

பழனி_எலக்ட்ரிக்கல்ஸ்:
அதான் நானும் கேக்கறேன். காப்பர் காந்தத்துக்கு சம்பந்தமே இல்லாத மெட்டல். இது வெறும் காத்து விவகாரம்னு நெனக்கிறேன், 20 மில்லிமீட்டர் ஓட்டையில 15 மில்லிமீட்டர் வில்லை, காத்து கீழ மாட்டிகிட்டு தடுக்குது, அவ்ளோதான்.

ரேவதி_டீச்சர்:
காத்தா இருந்தா அதே சைஸ் இரும்புத் துண்டையும் தடுத்திருக்கணுமே பழனி சார், அது டக்குனு விழுந்துச்சுன்னு பாபு சார் மொதல்லயே எழுதிட்டாரு. காத்து இல்ல.

சிவா தம்பி கேட்டது நல்ல கேள்வி. காப்பர்ல காந்தம் ஒட்டாது, உண்மை. ஆனா ரெண்டும் சும்மா நிக்கும்போதுதான் அப்படி. காந்தம் நகர ஆரம்பிச்சா கதை வேற. பைப்ப ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின மோதிரங்களா நெனச்சுக்கோங்க. காந்தம் கீழ வரும்போது அதுக்குக் கீழ இருக்கிற மோதிரத்துல காந்தப்பாயம் (மோதிரத்துக்குள்ள பூந்து போற காந்தப்புலத்தோட அளவு) கூடுது, மேல இருக்கிற மோதிரத்துல கொறையுது. பாயம் மாறினா மின்னோட்டம் உண்டாகும், அது ஃபாரடே 1831ல கண்டுபிடிச்சது. அந்த மின்னோட்டம் எந்தத் திசையில ஓடும்னு 1834ல லென்ஸ்ங்கிற விஞ்ஞானி சொன்னாரு, மாற்றத்த எதிர்க்கிற திசையிலதான். அதனால கீழ இருக்கிற மோதிரம் காந்தத்த மேல தள்ளும், மேல இருக்கிற மோதிரம் காந்தத்த மேல இழுக்கும். ரெண்டுமே மேல் நோக்கித்தான், அதான் இவ்ளோ பலமா புடிக்குது. இத்தன மின்னோட்டத்துக்கும் பேட்டரி கெடையாது வயர் கெடையாது, மெட்டலுக்குள்ளயே சுத்தி சுத்தி ஓடும், பன்னெண்டாவது புக்ல சுழல் மின்னோட்டம்னு நாலாவது பாடத்துல வருது பாருங்க, பையனுக்கு பரிட்சைக்கே ஆகும்.

இப்ப தராசு. பைப் காந்தத்த மேல தள்ளுதுன்னா காந்தம் பைப்ப அதே அளவு கீழ தள்ளணும், நியூட்டன் மூணாவது விதி. தொட்டாத்தான் தள்ளணும்னு விதியில எங்கயும் இல்ல. பைப்ப கீழ தள்ளினா தராசுக்குத் தெரியும்.

சந்தேகப்பேர்வழி:
இருங்க மேடம் அவசரப்படாதீங்க. நீங்க சொல்றபடி பாத்தா பைப் காந்தத்த மேல தள்ற விசையும் காந்தத்தோட எடையும் சமம்னு ஆகுது, சமம்னா மொத்த விசை சைபர், சைபர்னா காந்தம் நின்னுடணும். நிக்கல. ஓடிட்டே இருக்கு. அப்ப சமம் இல்ல, எடைதான் கொஞ்சம் ஜாஸ்தி, அதனாலதான் கீழ வருது. லாஜிக் சிம்பிள்.

குவார்க்_குமார்:
ஆஹா வந்துட்டாரு :) அண்ணே இது 2000 வருஷத்துக்கு மேல பழைய லாஜிக், அரிஸ்டாட்டிலும் ஏறக்கொறைய இதத்தான் சொன்னாரு, பொருள் ஓடணும்னா யாராவது தள்ளிட்டே இருக்கணும்னு. கலிலியோவும் நியூட்டனும் வந்து அத ஓரங்கட்டிட்டாங்க. மொத்த விசை சைபர்னா வேகம் மாறாதுன்னுதான் அர்த்தம். நின்னுட்டு இருந்தா நின்னுட்டே இருக்கும், செகண்டுக்கு 14 சென்டிமீட்டர்ல போயிட்டு இருந்தா அதே 14லதான் போயிட்டே இருக்கும். எடைதான் ஜாஸ்தின்னு வெச்சுகிட்டா காந்தம் கீழ வரவர வேகம் கூடிட்டே போகணும், முடுக்கம் இருக்கணும். இங்க அது இல்ல, பைப்ப மேலேருந்து எட்டிப் பாத்தாலே தெரியும், ஒரே சீரா எறங்கும்.

இன்னொரு விஷயம், அது ஏன் நிக்கவே முடியாதுன்னா, நின்ன அந்த நொடியே பாயம் மாறாது, மின்னோட்டம் இல்ல, தள்ற விசை இல்ல, எடை மட்டும்தான் மிச்சம், திரும்ப விழ ஆரம்பிக்கும். வேகம் கூடக்கூட தள்ற விசை கூடும். எந்த வேகத்துல அந்த விசை சரியா எடைக்கு சமமாகுதோ அந்த வேகத்துல போய் நெலைச்சுடும். பதினொண்ணாவதுல கிளிசரின்ல குண்டு போட்டு முற்றுத்திசைவேகம் படிப்போம்ல, கணக்கு அதேதான். இந்த சைஸ் காந்தத்துக்கு அந்த வேகத்த தொட கண்ண இமைக்கிற நேரம் கூட ஆகாது, விட்ட ஒடனே புடிச்சுடும்.

நல்லூரான்:
வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து வாசிச்சுக்கொண்டிருக்கிறன், நல்ல கலந்துரையாடல். ரேவதி அக்கா சொல்லுறது சரி. தராசு காட்டுறது நிறையைத்தானே, காந்தம் மாறா வேகத்தில இறங்கேக்க தராசில தெரியிற நிறை காந்தத்தின்ர நிறை அளவுக்குக் கூடும். அதில சந்தேகமே இல்லை.

பழனி_எலக்ட்ரிக்கல்ஸ்:
நிறை எப்படிங்க கூடும்? நிறை பூமியில இருந்தாலும் நிலாவுல இருந்தாலும் மாறவே மாறாதுன்னு எட்டாங்கிளாஸ் பையன் கூட சொல்வான்.

நல்லூரான்:
அண்ணை நீங்கள் சொல்லுறது திணிவு. திணிவு மாறாது. நான் நிறையைச் சொல்லுறன், நியூட்டன்ல அளக்கிறது. சந்திரனுக்குப் போனால் நிறை ஆறில ஒண்டாக் குறையும் எல்லோ.

பழனி_எலக்ட்ரிக்கல்ஸ்:
சார் நிறை கிலோகிராம்ல அளக்கறதுங்க. நியூட்டன்ல அளக்கறது எடை. என்ன சார் இப்படி கொழப்பறீங்க.

ரேவதி_டீச்சர்:
ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்றீங்க, சண்டைய நிறுத்துங்க :) இலங்கைப் பாடப்புத்தகத்துல கிலோகிராம்ல அளக்கறது திணிவு, நியூட்டன்ல அளக்கறது நிறை. நம்ம ஊர்ல கிலோகிராம்ல அளக்கறது நிறை, நியூட்டன்ல அளக்கறது எடை. அதே மாதிரி அங்க வேகம்னா திசையோட சேத்து, நம்ம திசைவேகம். நம்ம வேகத்துக்கு அங்க கதி. முடுக்கத்துக்கு ஆர்முடுகல். ஆற்றலுக்கு சக்தி. இந்த இழையில இனிமே எடைன்னு எழுதினா நியூட்டன் சமாச்சாரம்னு வெச்சுக்கலாம், நல்லூரான் தம்பி நீங்க உங்க வழக்கத்துலயே எழுதுங்க, புரிஞ்சுக்கறோம்.

நல்லூரான்:
ஓம் அக்கா விளங்குது. இனி நியூட்டன் எண்டே எழுதிவிடுறன், பிரச்சினை இல்லை. அந்தக் காந்தத்துக்கு 0.13 நியூட்டன் வரும், நியோடிமியக் காந்தத்தின்ர அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 7.5 கிராம் அளவில, கனவளவு 1.77, ஆக 13 கிராம் சொச்சம்.

சந்தேகப்பேர்வழி:
பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. 13 கிராம்தானே, கிச்சன் தராசுலயே தெரியும், பாபு சார் வெச்சுப் பாத்து சொல்லுங்க, யார் சொன்னது சரின்னு தெரிஞ்சுடும்.

தாம்பரம்_பாபு:
பண்ணியாச்சு. ஒரு மரக்கட்டையில ஓட்டை போட்டு அதுல பைப்ப நிமிர்த்தினோம், ஓட்டைக்குள்ள அடியில ஸ்பாஞ்ச் துண்டு (காந்தம் கட்டையில மோதினா ஒடஞ்சு போயிடும்னு பையன் சொன்னான்). மொத்தத்தையும் தராசு மேல வெச்சு டேர் பட்டனை அமுக்கி சைபர் ஆக்கியாச்சு. பையன் ஸ்டூல் மேல ஏறி பைப்ப தொடாம காந்தத்த விட்டான். காந்தம் உள்ள போன கொஞ்ச நேரத்துல தராசு 13 காட்டுச்சு. இறங்கற வரைக்கும் 13. ஸ்பாஞ்ச்ல விழுந்தப்ப ஒரு சின்ன துள்ளல், அப்புறம் மறுபடி 13. வீட்டம்மா ஒண்ணும் சொல்லாம தராச எடுத்துட்டுப் போயிட்டாங்க, இட்லிக்கு உளுந்து அளக்கணுமாம்.

சந்தேகப்பேர்வழி:
இத ஒத்துக்க முடியாது. அது எலக்ட்ரானிக் தராசு. பக்கத்துல அவ்ளோ பவர்ஃபுல் காந்தம் வந்தா தராசே கொழம்பி ஏதோ ஒரு நம்பர் காட்டும்.

குவார்க்_குமார்:
இது சரியான ஆட்சேபம், நானும் இதத்தான் கேக்கலாம்னு இருந்தேன். தராசு உள்ள இரும்பு பாகம் இருந்தா காந்தம் கிட்ட வரும்போது அத இழுக்கும், கணக்கு தப்பாப் போகலாம். பாபு சார் ரெண்டு வேலை பண்ணுங்க. ஒண்ணு, பைப் மட்டும் தராசுல இருக்கட்டும், காந்தத்த வெளியில கையில புடிச்சுகிட்டு பைப்புலேருந்து கொஞ்சம் தள்ளி மேலேருந்து கீழ கொண்டு வாங்க, எண் மாறுதா பாருங்க. ரெண்டாவது, அதே நீளத்துக்கு பிவிசி பைப் வெச்சு காந்தத்த போடுங்க. மரக்கட்டை கனமா இருந்தா நல்லது, தராசுக்கும் காந்தத்துக்கும் நடுவுல இடைவெளி வேணும்.

தாம்பரம்_பாபு:
கையில புடிச்சு கொண்டு வந்தா கடைசி வரைக்கும் சைபர்தான், கட்டைக்கு ரொம்ப கிட்ட வந்தப்ப மட்டும் ஒண்ணு ரெண்டுன்னு ஆடுச்சு. அதனால கீழ அதவிடப் பெரிய கட்டை போட்டோம், அதுவும் நின்னுடுச்சு. திரும்ப காப்பர்ல போட்டா அதே 13. பிவிசியில அரை செகண்டுக்குள்ள விழுந்துடுது, தராசு முழிச்சுக்கறதுக்குள்ள கதை முடிஞ்சுடுச்சு, நேரா விழுந்த அதிர்ச்சியும் அப்புறம் 13ம்தான் பாக்க முடிஞ்சுது.

ரேவதி_டீச்சர்:
அருமை. ஒரு மீட்டர் சும்மா விழ 0.45 செகண்ட், அதனால பிவிசியில வீட்டுத் தராசு அதப் புடிக்காது. அந்த 0.45 செகண்ட்லதான் உங்க வீட்டம்மா சொன்னது நெஜம், தராசுக்கு காந்தம் அங்க இருக்கறதே தெரியாது. அதனால அவங்க கேட்டதும் தப்பான கேள்வி இல்ல சொல்லிடுங்க. காப்பர்ல பைப் அதத் தாங்கிப் புடிக்குது, அந்த பாரத்த பைப் தராசு கிட்ட கொடுக்குது. வகுப்புல நான் எப்பவும் கேப்பேன், ஒரு விசைய எழுதினா யாரு தள்றாங்க, யாரத் தள்றாங்கன்னு பேர் எழுதுன்னு. இங்க நாலு பேர், பூமி காந்தத்த இழுக்குது, பைப் காந்தத்த தூக்குது, காந்தம் பைப்ப அழுத்துது, பைப் தராச அழுத்துது. இதுல ரெண்டாவதும் மூணாவதும்தான் ஜோடி. மொதலும் ரெண்டாவதும் ஜோடின்னு எழுதி மார்க் விடறவங்க வருஷா வருஷம் இருக்காங்க, அது ரெண்டும் ஒரே பொருள் மேல வர்றது, சமமா இருக்கலாம், ஆனா மூணாவது விதி ஜோடி ஆகாது.

சந்தேகப்பேர்வழி:
சரி எடை கணக்கு விடுங்க. ஆற்றல் எங்க போச்சு? சும்மா விழுந்தா கீழ வரும்போது வேகமா இருக்கும், இயக்க ஆற்றல். இங்க ஆமை வேகத்துல வருது. ஒரு மீட்டர் ஒசரத்துலேருந்த நிலை ஆற்றல் காணாமப் போச்சா?

நல்லூரான்:
வெப்பமாப் போகுது. 0.13 நியூட்டன் ஒரு மீட்டர் இறங்கினால் 0.13 யூல் (ஜூல்) சக்தி. செம்பின்ர தடையில மின்னோட்டம் ஓடி முழுதும் கிட்டத்தட்ட வெப்பம். ஆனால் 590 கிராம் செம்பை அந்த 0.13 யூல் எவ்வளவு சூடாக்கும் எண்டால் ஒரு பாகை செல்சியசில ஆயிரத்தில ஒரு பங்குகூட வராது. கையால தொட்டுப் பாத்து ஒண்டும் தெரியாது.

பழனி_எலக்ட்ரிக்கல்ஸ்:
இப்பதான் எனக்கு ஒண்ணு உறைக்குது. பழைய கரண்ட் மீட்டர்ல ஒரு அலுமினியத் தட்டு சுத்தும்ல, ஓரத்துல செவப்பு கோடு போட்டு, அதோட விளிம்ப கவ்வின மாதிரி ஒரு காந்தம் இருக்கும். அலுமினியத்துலயும் காந்தம் ஒட்டாது. எத்தனையோ மீட்டர் கழட்டி மாட்டியிருக்கேன், அது பிரேக் காந்தம்னு தெரியும், எப்படி பிரேக் புடிக்குதுன்னு யோசிச்சதில்ல. இதே விஷயம்தானா?

குவார்க்_குமார்:
அதேதான் அண்ணே. மீட்டர் உள்ள இருக்கிற ரெண்டு காயிலும் சேர்ந்து தட்ட சுத்தற பலம், வீட்ல எவ்ளோ வாட் ஓடுதோ அதுக்குத் தகுந்த மாதிரி. அந்த பலம் மட்டும் இருந்தா தட்டு வேகம் ஏறிட்டே போகும், ஒரு பல்பு எரிஞ்சாலும். பிரேக் காந்தம் தட்டோட வேகத்துக்குத் தகுந்தபடி தடுக்கும், அதனால ரெண்டும் சமமாகற வேகத்துல தட்டு நெலைச்சு சுத்தும், வாட் ரெண்டு மடங்கானா சுத்தறதும் ரெண்டு மடங்கு. உங்க பைப்புல காந்தம் விழறதும் இந்த தட்டு சுத்தறதும் ஒரே கணக்கு. அந்த பிரேக் காந்தம் வருஷக்கணக்குல பலம் கொறஞ்சா தட்டு வேகமா சுத்தும், பில்லு ஜாஸ்தி வரும்.

இதுல வரலாறும் சுவாரசியம். 1824 வாக்குல பிரான்சுல அராகோ ஒரு செம்புத் தட்ட சுத்த விட்டு மேல காந்த ஊசிய தொங்க விட்டாரு, ஊசி தட்டு கூடவே சுத்த ஆரம்பிச்சுது. செம்புல காந்தம் ஒட்டாதே, எப்படின்னு யாருக்கும் புரியல, ஏழு வருஷம் கழிச்சு ஃபாரடே வந்துதான் வெளக்கினாரு. அப்புறம் 1855ல ஃபூக்கோ, பெரிய ஊசல தொங்க விட்டு பூமி சுத்தறத காட்டினாரே அவரேதான், காந்தத்துக்கு நடுவுல செம்புத் தட்ட சுத்த வெச்சா சூடாகுதுன்னு காட்டினாரு. அதனால சுழல் மின்னோட்டத்துக்கு அவர் பேரும் உண்டு.

கூலிங்_சிவா:
அப்ப ரயிலுக்கு இப்படி பிரேக் போடலாமே, தேயவே தேயாது.

குவார்க்_குமார்:
போட்டிருக்காங்க தம்பி. ஜெர்மனியில ஐசிஇ 3 ரயில்ல தண்டவாளத்துக்கு மேல தொடாம நிக்கற மின்காந்தம் வெச்சு புடிக்கற பிரேக் இருக்கு. ஜப்பான்ல சில ஷின்கான்சென் (புல்லட் ரயில்) வண்டிகள்லயும் சுழல் மின்னோட்ட பிரேக் இருந்துச்சு. ஆனா ஒரு சிக்கல், வேகம் கொறையக் கொறைய புடியும் கொறையும், நிக்கற வண்டிய நிறுத்தி வெக்க உதவாது. கடைசியில சாதா பிரேக்தான். வேகம் ரொம்ப ஜாஸ்தியானாலும் ஒரு அளவுக்கு மேல புடி ஏறாது, எறங்க ஆரம்பிக்கும், வேகம் கூடினா விசை கூடும்னு நான் மேல எழுதினது மெதுவா போறதுக்கு மட்டும். உங்க பைப்புல அந்த எல்லை எல்லாம் வராது.

சந்தேகப்பேர்வழி:
ஒரு கடைசி கேள்வி. பைப்ப நீளவாக்குல ஒரு கோடு மாதிரி அறுத்துட்டா? சுத்தி ஓடற மின்னோட்டத்துக்கு பாதை அறுந்துடும். அப்ப சும்மா விழற மாதிரி விழணும், விழலன்னா டீச்சர் சொன்ன மோதிரக் கணக்கு தப்பு.

ரேவதி_டீச்சர்:
நல்லா மடக்கப் பாக்கறீங்க :) முழு சுத்து அறுந்துடும், ஆனா சுவர்லயே சின்னச் சின்ன வளையமா ஓட எடம் இருக்கும். அதனால முன்னவிட வேகமா விழும், ஆனா பிவிசி அளவுக்கு சும்மா விழாது. மோதிரம்னு சொன்னது சுலபமா புரியறதுக்கு, பைப் முழுசும் ஒரே மெட்டல், மின்னோட்டம் எங்க வழி கெடைக்குதோ அங்க ஓடும். புக்ல ஊசல் தட்டுல வரிவரியா வெட்டு போட்டா சீக்கிரம் நிக்காம ஆடிட்டே இருக்கும்னு வருதே, அதுவும் இதேதான். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளகத்த ஒரே கட்டியா வார்க்காம மெல்லிசு தகடா அடுக்கறதும் இதுக்குத்தான், பெரிய சுத்துக்கு வழி விடாம.

தாம்பரம்_பாபு:
பையன் ஹேக்சா பிளேட எடுத்துட்டான். ஒரு மீட்டர் காப்பர அறுக்க மனசு வரல, அறுத்தா ஸ்கிராப்புக்கு கூட வெல கொறச்சுதான் கேப்பான்.

கூலிங்_சிவா:
அறுக்காதீங்க பாபு சார். எங்கிட்ட அரை மீட்டர் துண்டு வேஸ்ட்ல இருக்கு, தாம்பரம் பக்கம் வர்றப்ப தர்றேன், அத அறுத்துக்கட்டும். அறுத்த பிறகு உள்ள பிசிர ஃபைல் போட்டு எடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா காந்தம் அதுல மாட்டிகிட்டு நின்னுடும், அப்புறம் சந்தேகம் அண்ணன் பாத்தீங்களா நின்னுடுச்சுன்னு வந்து நிப்பாரு.